சுவர் தின்ற மருந்து

தாமிரபரணிப் பாசனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அணைக்கட்டுகளை எண்ணத் தவறுவதில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மலையடிவாரத்தில் தொடங்கித் திருவைகுண்டத்தில் முடிகிற எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள். அக்கால்வாய்கள் நிரப்பும் குளங்கள். கார், பிசானம் என்னும் இரண்டு போகங்கள். அம்பாசமுத்திரத்துப் பாலத்தில் நின்று மேற்கே மலையையும் கீழே வயலையும் பார்க்கிறவருக்கு இவ்வளவும் ஓர் அழகிய சித்திரமாகத் தோன்றும். அந்தச் சித்திரத்தில் கொசுவை எவரும் வரைவதில்லை. கொசு தந்த காய்ச்சலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. காய்ச்சலை விரட்ட வந்த மருந்தைப் பற்றி எழுதியவர்கள் அதனினும் குறைவு. அம்மருந்து போய் ஒட்டிக்கொண்ட சுவரைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது அந்தச் சுவரைத்தான்.

1950, 60களில் சிறுவர்களாக இருந்தவர்களுக்குக் காட்சி மறந்திராது. கொசு மருந்து அடிக்கிறவர்கள் தெருவுக்குள் வருவார்கள். வாளியில் பால்போல் வெளுத்த கலவை. ஒருவர் கைப்பம்பை ஏற்றி இறக்குவார். மற்றொருவர் நீண்ட குழலைப் பிடித்துச் சுவரில் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டே போவார். அரிசிப்பானையும் பாயும் தலையணையும் திண்ணைக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் நிலைப்படிக்குப் பக்கத்தில் தேதியைப் பொறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுவரில் வெண்திட்டுகளும், சில நாட்களுக்கு ஒரு வாடையும் மிஞ்சும். மருந்தின் பெயர் டி.டி.டி. என்பது எழுத்தறியாதவர்க்கும் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் இந்த அளவுக்கு வீடுதோறும் நுழைந்த வேதிப்பொருள் அதற்கு முன் மண்ணெண்ணெய் ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும். இது தீராது. தீராது என்பதற்காகவே இதை வாங்கினார்கள்.

*

காய்ச்சலின் கதையைச் சற்று முன்னிருந்தே சொல்ல வேண்டும். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு பெருங்காய்ச்சல் பரவியது. காரணத்தை ஆராய மதராஸ் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. தென்னிந்திய மருந்துப் பொருள்களைத் தொகுத்து நூலாக்கிய வைட்லா எயின்ஸ்லி அதில் இடம்பெற்றிருந்தார். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாயிற்று. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். ஆகவே எயின்ஸ்லி காலத்து மருத்துவம் அறிந்த காரணம் வேறு. ஈரமண்ணிலிருந்தும் சதுப்பிலிருந்தும் வெயிலில் கிளம்பும் கெட்ட ஆவியே காய்ச்சல் தருகிறது என்று அக்காலத்தார் நம்பினர். நம் மக்களும் மலையடிவாரத்துக் காய்ச்சலை மலைக்காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்; பழி கொசுமேல் விழவில்லை, மலைமேலும் தண்ணீர்மேலும் விழுந்தது. மண்ணிலிருந்து நஞ்சு ஆவியாகக் கிளம்புகிறது என்ற இந்தப் பழைய கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு வடிவில் அது நம்மிடம் திரும்பி வரும்.

டி.டி.டி.க்கு முந்தைய போராட்டம் எப்படியிருந்தது என்பதை அறியத் தாமிரபரணியைவிட்டுக் காவிரிக் கடைமடைக்குப் போக வேண்டும். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. தண்ணீரோடு மலேரியாவும் பெருகிற்று. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரசல் 1930களின் நடுவிலிருந்து 1942 வரை அங்கே ஆராய்ச்சி செய்தார். அனாஃபிலிஸ் கூலிசிஃபேசிஸ் என்னும் கொசுவே அங்கு காய்ச்சலைக் கடத்துகிறது, பகலில் அது வீட்டிலும் தொழுவத்திலும் ஒண்டியிருக்கிறது என்பதெல்லாம் தெளிவாயின. ஒண்டியிருக்கும் கொசுவை உள்ளேயே கொல்ல, ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் பைரீத்ரம் சாற்றை வீட்டுக்குள் தெளித்துப் பார்த்தார்கள். கொசு செத்தது. காய்ச்சலும் குறைந்தது. ஆனால் பைரீத்ரம் காற்றிலும் வெளிச்சத்திலும் விரைவில் அழிந்துவிடும். வாரந்தோறும் அடிக்க வேண்டும். ஒரு சில கிராமங்களில் வாரந்தோறும் அடிக்கலாம். ஒரு நாடு முழுக்க முடியுமா? கொல்லத் தெரிந்த மருந்து கையிலிருந்தது, ஒட்டத் தெரிந்த மருந்து இல்லை என்பதே 1942இன் நிலை.

*

ஒட்டத் தெரிந்த மருந்து அப்போதே சுவிட்சர்லாந்தில் பிறந்திருந்தது. டி.டி.டி.யை 1874இலேயே ஒத்மார் சைட்லர் என்னும் மாணவர் தயாரித்திருந்தார். எதற்குப் பயன்படும் என்று அவர் பார்க்கவில்லை. 1939இல் கெய்கி நிறுவனத்தின் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசை ஏற்று அவர் ஆற்றிய உரையில் ஒரு செய்தி வருகிறது. ஈக்களை விட்டுச் சோதிக்கும் கூண்டை டி.டி.டி. சோதனைக்குப் பிறகு நன்றாகக் கழுவினார். கழுவிய கூண்டில் புதிதாக விடப்பட்ட ஈக்கள், மருந்தே அடிக்காதிருந்தும், சுவரைத் தொட்டுத் தொட்டு விழுந்தன. கூண்டைப் பிரித்து, மீண்டும் கழுவி, ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டவெளியில் போட்டு வைத்த பிறகே அடுத்த சோதனையைச் செய்ய முடிந்ததாம். கண்டுபிடித்தவரின் முதல் தொல்லையே இந்த மருந்தின் முழு வரலாறு என்று நாம் நினைக்கிறோம். அவருக்கோ அது தொல்லையாகத் தோன்றவில்லை. நல்ல பூச்சிமருந்துக்கு இருக்க வேண்டிய குணங்களைப் பட்டியலிட்டபோது நீடித்து நிற்பதையும் அவற்றுள் ஒன்றாகவே சேர்த்தார்.

ஏன் இது இப்படி ஒட்டுகிறது? டி.டி.டி. நீரை அறவே வெறுக்கும் பொருள். ஒரே ஒரு கிராமைக் கரைக்க ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். எண்ணெயிலும் கொழுப்பிலுமோ எளிதில் கரையும். எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கும் பாத்திரத்தில் இதைப் போட்டால், நீரில் ஒரு பங்கு தங்கும்போது எண்ணெயில் பத்து லட்சம் பங்குக்கு மேல் போய்ச் சேரும். நீரிலிருந்து தப்பிக்க எந்தப் பரப்பு கிடைத்தாலும் அதைப் பற்றிக்கொள்ளும். களிமண் துகள், மக்கிய இலை, மரம், சுண்ணாம்பு, பூச்சியின் மெழுகுத் தோல், மனிதனின் கொழுப்பு என்று அதற்கு வேற்றுமை இல்லை.

ஒரு பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் மட்டும் பற்றிக்கொள்வதும், அதனுள் ஊடுருவிக் கலந்துவிடுவதும் வேறு வேறு நிகழ்ச்சிகள். 1881இல் ஹைன்ரிஷ் கைசர் முதலாவதற்குத் தனிப்பெயர் சூட்டி அச்சில் கொண்டுவந்தார். நம் பாடநூல்காரர்கள் அதைப் பரப்புக் கவர்ச்சி என்று தமிழாக்கினார்கள். வகுப்பில் ஆசிரியர் சொன்னதும் பின்வரிசை சிரிக்கும். ஆயினும் நல்ல சொல்தான். 1909இல் மக்பெயின் என்பவர், நடைமுறையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்றார். அவர் சொன்னதன் நியாயம் மண்சுவரில்தான் முழுதாகப் புலப்பட்டது.

இந்த அறிவு நம் பாட்டிமாருக்கு அறவே புதிதன்று. கலங்கல் நீரை வைக்கும் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார்கள். கொட்டையின் பசைப்பொருள் களிமண் துகள்களில் ஒட்டி, துகள்களை ஒன்றோடொன்று கோத்து அடியில் படியச் செய்யும். எது எதில் ஒட்டும் என்பது தெரிந்தால் நஞ்சையும் நீரையும் பிரிக்கலாம் என்ற அறிவுதான் அது. போகட்டும், சுவருக்குத் திரும்புவோம்.

*

இந்தியாவில் டி.டி.டி. போரோடு வந்தது. 1940களின் நடுவில் பம்பாய் மாகாணத்தில், தார்வார், கன்னட மாவட்டங்களின் கிராமங்களில், டி.கே. விஸ்வநாதன் அதைச் சுவர்களில் அடித்துப் பெரிய அளவில் வெற்றி கண்டார். விடுதலையின்போது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தனர் என்பது அரசின் மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்க உதவியும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையும் இருந்தன. 1954இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்னும் அரசு நிறுவனம் உருவானது. 1958இல் திட்டம், கட்டுப்பாடு என்பதைக் கைவிட்டு, ஒழிப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டு நாடு முழுதும் விரிந்தது. அக்காலத்தில் கேரளத்து எலூரில், பெரியாற்றங்கரையில், நிறுவனத்தின் இரண்டாவது ஆலை எழுந்தது.

அளவு மிக எளியது: சதுர மீட்டருக்கு 1 கிராம், ஆண்டுக்கு இரண்டு சுற்று. கடித்துவிட்டுச் செரிமானத்துக்காகச் சுவரில் உட்காரும் கொசு, காலால் மருந்தைத் தொட்டுச் சாகும். பைரீத்ரம் கொசுவைத் தேடிப் போக வேண்டியிருந்தது, டி.டி.டி. சுவரில் காத்திருந்தது. பலனை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது. 1965இல் நாட்டில் பதிவான நோயாளிகள் ஏறக்குறைய ஒரு லட்சம். மலேரியாச் சாவு அந்த ஆண்டுக் கணக்கில் இல்லவே இல்லை. எத்தனையோ குழந்தைகள் அந்த வெண்திட்டுகளால் பிழைத்து வளர்ந்தவர்கள். டி.டி.டி. என்றாலே நஞ்சு என்று முகம் சுளிக்கிற இன்றைய கட்டுரைகள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையன்று.

ஆனால் எல்லாச் சுவரும் ஒரே சுவரன்று. முல்லரின் கூண்டின் சுவர் வேறு, செம்மண் குழைத்து வைத்த சுவர் வேறு. 1951இல் ஹடவே, பார்லோ என்ற இரு ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். உலர்ந்த மண்பரப்பில் அடித்த மருந்துத் துகள்கள் கண்ணெதிரே காணாமற்போகின்றன. அவை உதிரவில்லை, மண்ணுக்குள் உறிஞ்சப்படுகின்றன என்பது அதன் சாரம். 1953இல் மெக்சிகோவிலிருந்து போர்தாஸ், டௌன்ஸ், நவாரோ ஆகியோர் மண்சுவரில் டி.டி.டி. செயலற்றுப்போவதை எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்க மண், இந்திய மண் என்று பலவற்றைச் சோதித்துப் பார்த்தபோது, இரும்புச் சத்து மிகுந்த சிவந்த மண்ணே மிகப் பெரிய தின்னி என்று தெரிந்தது. அது மருந்தை உள்ளிழுப்பதோடு நில்லாமல், இரும்பு ஆக்சைடின் துணையால் சிதைக்கவும் செய்தது. மரப்பலகையிலும் ஓலைத்தட்டியிலும் மாதக்கணக்கில் கொல்லும் மருந்து, செம்மண் சுவரில் சில வாரங்களிலேயே வலுவிழக்கக்கூடும். மருந்து எங்கும் போய்விடவில்லை. சுவருக்குள்ளேயே இருக்கிறது. கொசுவின் கால் படும் இடத்தில் மட்டும் இல்லை.

இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். காரை பூசிய வீட்டிலும் மரவேலை மிகுந்த வீட்டிலும் மருந்து பரப்பிலேயே நின்றது. மண்குடிசையில் உள்ளே போயிற்று. இருவருக்கும் ஒரே அளவு மருந்து, ஒரே தேதி, ஒரே பதிவேடு. காவலோ ஒன்றல்ல. தாமிரபரணிக் கரையில் நஞ்சைக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார், அந்த நஞ்சையில் நாற்று நட்டவர் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. இரவில் வயலோரக் கொசுவுக்கு அருகே படுத்தவரும் இரண்டாமவர்தான்.

*

திட்டம் தளர்ந்தபோது காரணங்களைப் பட்டியலிட்டார்கள். கொசு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது என்பது முதலாவது. கூலிசிஃபேசிஸ் கொசு டி.டி.டி.க்கு அசையாமல் நிற்பது 1950களின் இறுதியிலேயே குஜராத்தில் அறியப்பட்டிருந்தது. நிதி குறைந்தது, மருந்து நேரத்துக்கு வரவில்லை, கண்காணிப்பு சோர்ந்தது என்பவை அடுத்தவை. இவை எல்லாம் உண்மை. 1976இல் நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டிற்று. ஆனால் பட்டியலில் மறவாமல் இடம்பெற்ற இன்னொன்று உண்டு: மக்களின் ஒத்துழையாமை. அடுக்களைக்குள் விடவில்லை, பூசை அறைக்குள் விடவில்லை, மருந்தடித்த சுவரை மெழுகிவிட்டார்கள், வெள்ளையடித்துவிட்டார்கள்.

இதில் யாரைச் சொல்கிறார்கள் என்பது வெளிப்படை. சுவரை மெழுகுகிறவளும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவளும் வீட்டுப் பெண்தான். மருந்தடித்த சில வாரங்களில் பொங்கலோ வீட்டில் ஒரு கல்யாணமோ வந்துவிட்டால், திட்டுத் திட்டாகக் கறைபட்ட சுவரை அப்படியே விட்டுவைப்பாளா? அவள் பூசிய சுண்ணாம்பு மருந்தை மூடியது என்பது மெய்யே. இன்னும் ஒன்றும் நடந்திருக்கும். ஈரச் சுண்ணாம்பின் காரம் டி.டி.டி.யின் ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் பிடுங்கி, அதை டி.டி.இ. என்னும் வேறு பொருளாக்க வல்லது. டி.டி.இ. கொசுவைக் கொல்லாது. ஆனால் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், உடலைவிட்டு எளிதில் அகலாது. கழுகு, வல்லூறு போன்ற பறவைகளின் முட்டையோட்டை மெலிதாக்கியது இதுவே என்பது பின்னால் தெரிய வந்தது.

எனினும் பழியின் அளவு சரியா என்பதே நம் கேள்வி. வெள்ளையடிப்பு ஆண்டுக்கு ஒரு முறை. மண்சுவர் உறிஞ்சுவதோ ஒவ்வொரு நாளும். பின்னதை 1953க்குள் ஆராய்ச்சியாளர்கள் அச்சிட்டுவிட்டார்கள். நம் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மண்சுவருக்கும் காரைச்சுவருக்கும் ஒரே கணக்கில் மருந்தை அளந்தது சட்டி சுமக்கும் பெண்ணின் முடிவன்று. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டி.டி.டி.க்கு மூட்டைப்பூச்சி விரைவிலேயே பழகிவிட்டது; சாவதற்குப் பதில் எரிச்சலுற்று வெளியே வந்து கடித்தது. மருந்தடித்தால் மூட்டைப்பூச்சி அதிகமாகிறது என்று மக்கள் சொன்னதை அறியாமை என்று எழுதிவைத்தார்கள். பூச்சியியலார் பிற்பாடு சோதித்தபோது மக்கள் பார்த்தது பொய்யன்று என்று தெரிந்தது.

*

சுவரைவிட்டு வயலுக்கு வருவோம். அம்பாசமுத்திரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான். இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இலிருந்து இயங்குகிறது. ஏ.எஸ்.டி. 16 என்று கடைக்காரர் சொல்லும் குண்டரிசியின் முதலெழுத்துகள் இந்த ஊரின் பெயரே. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8 முதலான குட்டை ரகங்கள் தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தன. உரம் கூடிற்று, இலை செழித்தது, பூச்சி பெருகிற்று. பூச்சிக்குப் பி.எச்.சி. வந்தது. 1952இலேயே கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் அதன் உற்பத்தி தொடங்கிவிட்டது. பால் பிடிக்கும் கதிரை உறிஞ்சும் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு 10 சதவீதப் பி.எச்.சி. தூளைக் காலைப் பனி உலர்வதற்குள் தூவுவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். பனி ஈரத்தில் தூள் இலையில் ஒட்டும் என்பது அதன் காரணம்.

இந்தத் தூளைப் பற்றிய ஒரு செய்தி நம்மை இன்றும் திடுக்கிடச் செய்கிறது. பி.எச்.சி. ஒரே பொருளன்று, ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாகத் திரும்பி அமைந்த பல வடிவங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது அதில் காமா என்னும் வடிவம் மட்டுமே. நூறு பங்கில் அது 10 முதல் 15 பங்குதான். மீதி 85 முதல் 90 பங்கு எதற்கும் உதவாதது. ஆனால் பீட்டா என்னும் வடிவம் போல, உடலில் போய்த் தங்க மட்டும் நன்றாக அறிந்தது. விலை மலிவு என்பதற்காக நாடு அதை அப்படியே வாங்கித் தூவியது. ஒரு மூட்டையில் பெரும்பகுதி வீண் என்று தெரிந்தே விற்கப்பட்ட சரக்கு வேறு எதுவும் நம் உழவர் கடனில் இவ்வளவு இடம்பிடித்ததில்லை.

இவ்வளவு தூவியும் வயல்மண்ணில் எவ்வளவு ஒட்டி நின்றது? இதற்கான விடை தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் 1980களின் இறுதியில் சேர்ந்து வேலை செய்தன. ஏ. ரமேஷ், ஷின்சுகே தனபே, ஏ. சுப்பிரமணியன் உள்ளிட்டோர் வெள்ளாற்றுப் படுகையில் காற்று, நீர், வயல்மண், ஆற்றுப்படிவு எல்லாவற்றையும் அளந்தார்கள். பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்னும் வயல்மண்ணில் எச்சம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பின்னர் ஒரு வயலில் பி.எச்.சி.யைத் தாமே இட்டு, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1991இல் வெளியான முடிவு: இட்டதில் 99.6 சதவீதம் காற்றில் போய்விட்டது.

குளிர்நாட்டு மண்ணில் ஆண்டுக்கணக்கில் பற்றிக் கிடக்கும் பொருள், நம் வெயிலில் நிற்கவில்லை. ஒட்டுதல் என்பது நிலையான கட்டன்று; சூடு ஏறினால் பிடி தளரும். நீர் கட்டிய வயலில் நீர் மூலக்கூறுகள் மண்துகளின் இடங்களைப் பிடித்துக்கொண்டு நஞ்சை வெளியே தள்ளும். வயல்சேற்றில் நுண்ணுயிர்களும் பி.எச்.சி.யைச் சிதைக்கின்றன, 1960களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காட்டியவர்களுள் என். சேதுநாதன் ஒருவர், பின்னாளில் கட்டாக்கில் அவ்வாய்வைத் தொடர்ந்தவர். ஆனால் சேற்றிலுள்ள கிருமி வாய்வைக்கும் முன்பே பெரும்பங்கு மேலே போய்விடுகிறது. எயின்ஸ்லி காலத்தார் அஞ்சிய, ஈரமண்ணிலிருந்து வெயிலில் கிளம்பும் நச்சாவி இப்போது மெய்யாகவே இருந்தது. அவர்கள் காலத்தில் அது வெறும் ஊகம். நம் காலத்தில் நாமே தூவியது.

கிளம்பியது எங்கே இறங்கும்? குளிர்ந்த பரப்பு கிடைக்கும் இடத்தில். வெப்பநாட்டில் ஆவியாகி, குளிர்நாட்டில் படிந்து, இடையில் வெயிலடித்தால் மறுபடி எழும்பி, தத்துக்கிளிபோல் தத்தித் தத்திக் கடைசியில் துருவத்தைச் சேரும் இந்தப் பயணத்தை 1993இல் வானியா, மக்கே என்னும் இருவர் விளக்கினார்கள். பி.எச்.சி.யை ஒருபோதும் தூவாத வடதுருவத்துக் கடலில், சீல்களின் கொழுப்பில், அவற்றை உண்ணும் இனூயித் தாய்மாரின் பாலில் அது இருந்தது. சீனா 1983இல் பி.எச்.சி.யை நிறுத்தியதும் வடதுருவக் காற்றில் அதன் அளவு இறங்கிற்று. மிச்சத்தில் நம் பங்கு இருந்தது. இந்தியா அதை முற்றாகத் தடைசெய்தது 1997 ஏப்ரலில். கார்ப் பயிரின் கதிர்நாவாய்க்குத் தூவியது பனிக்கடலின் சீலிடம் போய்ச் சேர்வதை அம்பாசமுத்திரத்து உழவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அவருக்கு மூட்டையை விற்றவர்களும் அதற்குள் விலகிவிட்டார்கள்.

*

டி.டி.டி.யின் கதை இதற்கு நேர்மாறு. அது பி.எச்.சி.யைப்போல் எளிதில் பறக்காது. ஆற்றில் இறங்கினால் வண்டலோடு சேர்ந்து அடியில் படியும். 1999இல் எலூர் ஆலையருகே பெரியாற்றில் சேரும் குழிக்கண்டம் தோட்டின் சேற்றைக் கிரீன்பீஸ் அமைப்பினர் எடுத்துச் சோதித்தபோது டி.டி.டி.யும் அதன் உறவுப்பொருள்களும் அதில் இருந்தன. இந்தியா வேளாண்மையில் டி.டி.டி.யை 1989இல் தடுத்தது; நோய்க்கொசுவுக்கு மட்டும் விட்டுவைத்தது. 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் அதே விலக்கைத் தந்தது. 2006இல் இந்தியா அதை ஏற்றது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு நாட்டின் பெருநகரத் தாய்மாரின் பாலில் இரண்டு பொருள்களையுமே கண்டது. தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அதன் நன்மை இந்தத் தீமையைவிடப் பலமடங்கு பெரியது. ஆயினும் ஒரு பெண் தன் உடலில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததை இறக்கிவைக்கும் ஒரே பெரிய வழி பிள்ளைக்குப் பால் கொடுப்பதுதான் என்பது அந்தப் பட்டியலில் எழுதப்படாத வரி.

தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சியது பெரும்பாலும் சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கடத்துவது ஸ்டீஃபன்சி என்னும் வேறொரு கொசு. மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் மண்சுவர் அருகிவிட்டது. தொகுப்பு வீடுகள் வந்தன, சிமெண்டு வந்தது, சுண்ணாம்பின் இடத்தில் பெயிண்டு வந்தது. தேதி பொறித்த நிலைப்படிகள் விறகாயின. இடிந்த மண்சுவரை நம் உழவர்கள் வீணாக்குவதில்லை. பழஞ்சுவர் மண் பயிருக்கு நல்லது என்று வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். சதுர மீட்டருக்கு 1 கிராம், ஆண்டுக்கு இரண்டு சுற்று என்று அந்த மண் தின்றதில் ஒரு பகுதி இரும்பாலும் கிருமியாலும் சிதைந்திருக்கும், ஒரு பகுதி டி.டி.இ.யாக நின்றிருக்கும். எட்டு அணைக்கட்டுகளின் பின்னே படியும் வண்டலிலும், அந்த நீர் நிரப்பும் குளங்களின் கரம்பையிலும் அதைத் தேடிப் பார்க்கலாம். கருவி திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுக்க ஒரு கை மண் போதும்.